கெட்டும் பட்டணம் சேர்னாக, நீ இன்னும் கெடவே இல்லையே

வா பேராண்டி. அந்தக் கட்டில்ல உக்காராத, கயிறு தொங்கிப்போச்சு. இந்தக் கல்லுல உக்காரு. சென்னைக்குப் போகவா வேண்டாமான்னு என்கிட்ட யோசனை கேக்க வந்திருக்க. பெருமையாத்தான் இருக்கு. கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீசுல கணக்கு எழுதி எழுதிக் கண்ணு பூத்த கிழவனையும் தேடி ஒருத்தன் வாரானே! ஆனா உன் முழி சரியில்லயே. நீ யோசனைக்கு வந்த ஆளு இல்ல, ஜாமீனுக்கு வந்த ஆளு.

நாளைக்கு அங்க போயி வேலை சரியில்ல, ரூம் சரியில்லன்னா, "சின்னத்தாத்தாதான் போகச் சொன்னாரு"ம்ப. போகாம இங்கனயே கெடந்து புழுங்குனா, "சின்னத்தாத்தாதான் தடுத்தாரு"ம்ப. ரெண்டு பக்கமும் என் கையெழுத்தா? உங்க தாத்தன், எங்கண்ணன், அப்படி ஊராருக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுத்தான் மேற்குப் புஞ்சையைத் தொலைச்சாரு. நான் அந்தப் பழக்கம் வச்சுக்கிடல.

அதோட, கெட்டும் பட்டணம் சேர்னுதான் பெரியவுக சொல்லி வச்சிருக்காக. முதல் நிபந்தனை என்ன? கெடணும். நீ கடன் வாங்குனியா? சீட்டாடுனியா? ஊர்ல யாருகூடயாவது அடிதடி உண்டா? ஒரு பீடியக்கூட ஒழுங்கா இழுக்கத் தெரியாம இருமுத. தகுதியே இல்லாம எந்த மூஞ்சியோட பட்டணத்துல போயி இறங்குவ?

சரி, கோவிச்சுக்கிடாத. இதுவரைக்கும் யார் யார்கிட்ட கேட்ட? அவுக சொன்ன யோசனையை அப்புறம் பாப்போம். முதல்ல சொன்னவுக மடியில என்ன இருக்குன்னு பாப்போம்.

உங்கம்மா போயிட்டு வாய்யான்னுட்டாளா? ஒத்தப் பிள்ளைய அனுப்பச் சம்மதிச்சுட்டாளேன்னு உனக்கு ஆச்சரியம். எனக்கு இல்ல. போன மாசம் தரகர் வந்தப்ப நானும் இங்கனதான் இருந்தேன். "பையன் எங்க வேலை?" "கோவில்பட்டியில, ஆடிட்டர் ஆபீசுல, ஜி.எஸ்.டி. கணக்கெல்லாம் இவன்தான் போடுதான்." "அப்படியா"ன்னு ஒரு வார்த்தை, நோட்டை மூடிட்டு மோரைக் குடிச்சாரு. அதே நோட்டுல சென்னைன்னு எழுதுனா அடுத்த பக்கம் திரும்பும். உங்கம்மாவுக்கு அது தெரியும்.

உங்க மாமன் போகாதங்கான். ஊர்ப் பாசமாம்! அவன் மக பி.எட். முடிக்கப் போறா, ஞாபகம் வச்சுக்க. உங்கக்கா புருசன் "போங்க மச்சான், வாழ்க்கையில முன்னேறணும்"ங்கான். உன் பங்கு கரிசக்காடு ரெண்டு ஏக்கர்ல மக்காச்சோளம் போடவா உளுந்து விதைக்கவான்னு உரக்கடையில அவன் விசாரிச்சு பத்து நாளாச்சு. அப்புறம் துரைப்பாக்கத்துல இருக்கானே உன் கூட்டாளி, தெனமும் போனைப் போட்டு வாடா வாடாங்கான். நாலு பேர் ரூம்ல ஒருத்தன் கல்யாணமாகிக் காலி பண்ணிட்டான். வாடகையில காவாசி இப்ப மூணு பேர் தலையில ஏறிக்கிட்டு இருக்கு. அவன் பெசன்ட் நகர் கடற்கரையில எடுத்த போட்டோவா அனுப்புதானே, ரூமுக்குள்ள எடுத்தது ஒண்ணு அனுப்பச் சொல்லு பாப்போம்.

என் மடியையும் அவுத்துக் காட்டிருதேன், ஒளிவு மறைவு எதுக்கு? நீ போகாம இருந்தா எனக்கு லாபம். எனக்கு வாரது ஆயிரத்துச் சொச்சம் பென்சன். அதை மிசின்ல எடுத்துக் குடுக்கது நீ. நான் இன்னும் சாகலன்னு வருசத்துக்கு ஒருக்கா உன் செல்போன்தான் என் மூஞ்சியப் படம் பிடிச்சு சர்க்காருக்குச் சொல்லுது. நீ போயிட்டா நான் உசுரோட இருக்கதுக்குச் சாட்சி கிடையாது. அதனால என் பேச்சையும் ஒரு கழிவு கழிச்சே கேளு.

இப்ப கணக்குக்கு வருவோம். அதுலதான் எனக்குக் கொஞ்சம் தெரியும். வருசம் மூணு லட்சத்து அறுபதாயிரம் தாரான். நீ அதைப் பன்னெண்டால வகுத்து மாசம் முப்பதாயிரம்னு துள்ளுத. அந்தக் காயிதத்துல சி.டி.சி.ன்னு போட்டிருக்கே, அதுக்கு அர்த்தம் என்ன? உனக்காகக் கம்பெனிக்கு ஆகுத மொத்தச் செலவு. உன் கையில வாரது வேற. அடிப்படைச் சம்பளம் 15,000னு வை. உன் பங்கு பி.எஃப். 1,800 பிடிப்பான். கம்பெனி போடணுமே அந்த 1,800, அதையும் இந்த முப்பதுக்குள்ளயே எழுதியிருப்பான். கிராஜுவிட்டின்னு 721 ஒதுக்குவான், அஞ்சு வருசம் இருந்தாத்தான் அது கைக்கு வரும். கழிச்சா என்ன நிக்கு? 25,679. இன்சூரன்சுன்னு ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு இருபத்தஞ்சரை குடுப்பான்.

எழுது. சாப்பாட்டோட பி.ஜி., நாலு பேர் ஒரு ரூம்ல, 7,500. அந்தச் சாப்பாடு மூணு வாரத்துல தொண்டையில நிக்கும். வெளிய சாப்பிடுதது, டீ, ஞாயித்துக்கிழமை பிரியாணி, சேந்தாப்புல 3,000. ஷேர் ஆட்டோ, பஸ் 1,500. மாசம் ஒருக்கா ஊருக்கு வந்து போக இன்னொரு 1,500. ஆக 13,500. மிச்சம் 12,000. இப்ப இங்க 14,000 வாங்குத; பெட்ரோலும் டீக்கடையும் 3,300ன்னு வை, மிச்சம் 10,700. சோறு உங்கம்மா போடுதா, துணியும் அவளே துவைக்கா. ரெண்டுக்கும் வித்தியாசம் 1,300 ரூவா. அந்த 1,300க்குத்தான் ராத்திரி பூரா ரயில்ல குலுங்கிப் போகணும்ங்க.

வாயைத் திறந்துட்டியா? மூடு, கணக்கு முடியல. முதல் வருசக் கணக்குல யாருக்கும் ஒண்ணும் நிக்காது. உன் பேர்ல ஏறுத பி.எஃப். இருக்கு. கம்பெனி போடுத 1,800ல 1,250 பென்சனுக்குப் போயிரும், மிச்சம் 550. உன் பங்கோட சேத்தா மாசம் 2,350, வட்டியோட கெடக்கும். அதைவிடு. உங்க ஆடிட்டர் ஆபீசுல சீனியர்னு ஒருத்தர் இருக்காரே, தலை நரைச்சுப்போயி, அவரு சம்பளம் என்னன்னு எனக்கும் தெரியும் உனக்கும் தெரியும். இங்க உன் மூணாவது வருசம் அந்த நாற்காலிதான். அங்க மூணாவது வருசம் என்னன்னு தெரியாது. ஆனா வேலை மாறணும்னா, ரோட்டைத் தாண்டுனா இன்னொரு கம்பெனி இருக்கும். போறதுன்னா அதுக்காகப் போ. 1,300க்காகப் போனேன்னு வெளிய சொல்லாத, தீப்பெட்டி ஆபீசுக்கே அவமானம்.

பெங்களூருக்கு வாங்கான் உங்க சித்தி மகன், இல்லையா? தனி வீடு எடுத்தா பத்து மாச வாடகையை அட்வான்சாக் கேப்பான், அது அந்த ஊர் வழக்கம். கன்னடம் தெரியலயேன்னு கவலைப்படாத. சில்க் போர்டு சிக்னல்ல நிக்கையில எழுதப் படிக்கவே கத்துக்கிடலாம், அவ்வளவு நேரம் கெடைக்கும். அதை ஒதுக்கி வை, சென்னைக்கே வருவோம்.

பி.ஜி. பிடிக்காம நாலு பேராச் சேந்து வீடு பாப்பீக. அப்ப இருக்கு கூத்து. டு-லெட் போர்டு தொங்கும். மணி அடிச்சா வீட்டுக்காரம்மா கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டே, "பேமிலியா?" இல்லன்னதும் போர்டைக் கழட்டி உள்ள வச்சுக்கிடும். மனசு இரங்குன வீட்டுல கேள்வி வரும். சைவமா அசைவமா? ராத்திரி எத்தனை மணிக்கு வருவீங்க? ஃபிரண்ட்ஸ் வருவாங்களா? எல்லாத்துக்கும் நல்ல பிள்ளையா பதில் சொல்லுவ. கடைசியில, செருப்பை மாட்டுத நேரத்துல, மெல்ல ஒரு கேள்வி வரும் பாரு: "கோவில்பட்டியா? உங்க குலதெய்வம் எது தம்பி?" பக்தியில கேக்காகன்னு நினைச்சு விளக்கமாச் சொல்லிராத. அவுக சாதகம் பாக்கலலே, சாதி பாக்காக. பட்டணத்துல அதெல்லாம் கிடையாதுன்னு யாரோ உனக்குச் சொல்லியிருக்கான்.

அட்வான்ஸ் விசயம் ஒண்ணு தெரிஞ்சு வச்சுக்க. நம்ம தமிழ்நாட்டுல 2017ல ஒரு வாடகைச் சட்டம் போட்டாக, மூணு மாச வாடகைக்கு மேல முன்பணம் கேக்கப்படாதுன்னு. நல்ல சட்டம். ஆனா ரெண்டு பேரும் ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிக்கிட்டா அது செல்லும்னு அதுலயே ஒரு ஓட்டை விட்டிருக்காக. வீட்டுக்காரர் அந்த ஓட்டையிலதான் குடியிருக்காரு. அஞ்சு மாசம், ஆறு மாசம்னு கேப்பாரு. காலி பண்ணுதப்ப வெள்ளையடிக்கன்னு ஒரு மாசத்தைப் பிடிப்பாரு. நீ சுவத்துல சாய்ஞ்சிருக்கக்கூட மாட்ட.

தண்ணியைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காத. 2019ல ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல வந்துச்சு சென்னைக்குத் தண்ணி, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அதைச் சொல்லி உங்க மாமன் சிரிக்கான். நம்ம கோவில்பட்டிக்கு மட்டும் என்ன, குழாயைத் திறந்தா ஊத்தாப் பொங்குதா? சீவலப்பேரியில தாமிரபரணியை உறிஞ்சு கொண்டாந்துதானே குடிக்கோம். தண்ணியை வச்சு ஊரைத் தேர்ந்தெடுக்கதுன்னா நீ பாபநாசத்துல அணைக்கட்டு மேலதான் குடியிருக்கணும்.

சோலி இல்லாத நாள்ல இந்த வேப்பமரத்தடியில ஒரு தமிழ் வாத்தியார் வந்து உக்காருவாரு, உனக்கு ஞாபகம் இருக்காது. பட்டினப்பாலைன்னு ஒண்ணு சொல்லுவாரு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடுனது, 301 அடி. காவிரிப்பூம்பட்டினத்து வளம், துறைமுகம், சரக்கு மூட்டை, கரிகாலன் பெருமைன்னு அடுக்கிக்கிட்டே போயி, அப்பேர்ப்பட்ட பட்டணமே கையில கெடைச்சாலும் இவளை விட்டுட்டு வரமாட்டேன்னு ஒருத்தன் தன் நெஞ்சுகிட்டச் சொல்லுதானாம். அதுக்குக் கரிகாலன் 16 லட்சம் பொன் குடுத்தான்னு கலிங்கத்துப்பரணி சொல்லுதாம். பாத்தியா காலத்தை! போகமாட்டேன்னு பாடுனவருக்கு 16 லட்சம் பொன்னு. நீ போகாம இருந்தா மாசம் 14,000.

அதுலயும் அவனுக்கு விட்டுட்டுப் போக மனசில்லாத ஒருத்தி இருந்தா. உனக்கு யாரு இருக்கா, ஒத்தைக்கட்டை? காலையில எந்திரிச்சா பல்லைத் தேச்சுட்டுப் போகவேண்டியதுதான... என்னலே, தரையில என்னத்தைத் தேடுத? கல்லையா எண்ணுத? பி.எட். விசயம் நான் சொன்னப்பவே நீ எச்சிலை முழுங்குன. சரி, சரி. நான் ஒண்ணும் கேக்கல. அவளுக்கு இது தெரியுமா தெரியாதான்னு மட்டும் சொல்லு. தெரியுமா? அவ என்ன சொன்னா? "போனாத்தான் எங்கப்பா உன்னைக் கேள்வி கேக்காது"ன்னாளா? உங்க வீட்டு ஆளுகள்ல கணக்குத் தெரிஞ்சவ அவ ஒருத்திதான் போல.

தனியாப் போறவனுக்கு மத்ததெல்லாம் பழகிரும். காய்ச்சல்தான் பழகாது. செவ்வாக்கிழமை மத்தியானம்னு வை. ரூம்ல மூணு பேரும் ஷிஃப்டுக்குப் போயிட்டான். நீ மாடிக்கட்டில்ல மேல் தட்டுல கெடக்க, தலைக்கு மேல ஒரு முழத்துல ஃபேனு. தண்ணி கேன் கீழ இருக்கு, அதுவும் காலி. டோலோ 650 அட்டையில ஒண்ணே ஒண்ணு மிச்சம். அப்பப் பாத்து உங்கம்மா போன் பண்ணுவா, நீ குரலைச் சரிபண்ணிக்கிட்டு "நல்லாருக்கேம்மா"ம்ப. அவ நம்பமாட்டா, நம்புன மாதிரி வச்சிருவா. அன்னிக்கு உடனே மூட்டை கட்டிராத. காய்ச்சல் எறங்குன மறுநாள் முடிவு பண்ணு. தீவாளிக்கு வாரேன்னு அன்னிக்கே வாக்கும் குடுத்துராத. ரயில் முன்பதிவு அறுபது நாளைக்கு முன்னாடி காலையில எட்டு மணிக்குத் திறக்கும். நீ கண்ணாடியைத் துடைச்சுப் போடுததுக்குள்ள வெயிட்டிங் லிஸ்ட் வந்துரும். பஸ்சுல வரணும்னா கிளாம்பாக்கம் வரைக்கும் வந்து சேருததே ஒரு ஊருப் பயணம்.

இன்னொண்ணு. ஊரைப் பாத்துட்டு முடிவு பண்ணுதேன்னு தை மாசத்துல போகாத. தையில சென்னை, மாப்பிள்ளை வீட்டார் வாரதுக்கு முன்னாடி கழுவிவிட்ட வாசல் மாதிரி இருக்கும். சித்திரை வெயில்ல போ. இல்ல, மழைக்காலத்துல போ. 2015 டிசம்பர்ல சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் முழுகுனதை டிவியில பாத்தோமே. இப்பவும் பெருமழைன்னு சொன்னதும் வேளச்சேரிக்காரங்க காரைக் கொண்டுபோயி மேம்பாலத்து மேல வரிசையா நிறுத்துதாங்க. அதையும் பாத்துட்டுப் பிடிச்சிருந்தா அது உன் ஊரு. கம்பெனியில கேளு, ஒரு மாசம் வந்து பாக்கேன்னு. ஆடிட்டர்கிட்ட லீவுன்னு சொல்லு, நின்னுட்டேன்னு சொல்லாத. மூணு மாசச் செலவுக்குப் பணம் தனியா வச்சுக்க, அதை அந்தத் துரைப்பாக்கத்துக் கூட்டாளிகிட்டச் சொல்லிராத.

எப்பப் போறதா உத்தேசம்? அதென்ன சட்டைப் பையில, மடிச்ச காயிதம்? எடு. எடுன்னா எடுலே. நெல்லை எக்ஸ்பிரஸ்... தாம்பரம்... எஸ் ஃபோர், மேல் பெர்த்து. எப்ப எடுத்தது? போன வாரமா! அடப்பாவி, டிக்கெட்டைப் பையில வச்சுக்கிட்டா கெழவனை இவ்வளவு நேரம் கத்தவிட்ட? பீடியைப் பத்தி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிடுதேன். உனக்குத் தகுதி இருக்கு.

சரி, போறதுதான் போற, வண்டியை என்ன பண்ணப்போற? விக்கப்போறியா? எவன் சொன்னான், அக்கா புருசனா? பழைய வண்டிய இப்ப எவன் நல்ல விலைக்கு வாங்குவான். இங்கன என் தாழ்வாரத்துலயே நிக்கட்டும். வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணணுமுல்லா, இல்லன்னா பேட்டரி போயிரும். எதுத்த வீட்டுப் பயலுக்கு ஓட்டத் தெரியும். நான் பின்னால உக்காந்து பேங்குக்குப் போயி பென்சனை வாங்கிட்டு அப்படியே வந்துருதேன். சாவியை அந்த மாடக்குழியில வை. பெட்ரோல் எவ்வளவு இருக்கு? ரிசர்வா? போறதுக்கு முன்னாடி ரொப்பிட்டுப் போ.