ஏலக்காய்ச் சல்லடைக் கோட்பாடு: சைபர் பாதுகாப்புத் தேர்வு நூல்களைத் தரம்பிரிப்பது குறித்து ஒரு முன்னாய்வு

போடிநாயக்கனூரில் சாக்கின் பருமனைப் பார்த்து யாரும் ஏலக்காய் வாங்குவதில்லை. ஒரு கை அள்ளி, உருட்டி, தோலை உரித்து, விதையை நசுக்கி மோந்து பார்த்த பிறகுதான் விலை பேச்சு. அதே ஊர்ப் பையன் சைபர் பாதுகாப்புச் சான்றிதழ்த் தேர்வுக்குப் புத்தகம் வாங்கப் போனால், தலையணை அளவில் இருப்பதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறான். ஒரே ஊருக்குள் நிலவும் இந்த முரண்பாட்டை அறிவுலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை. அந்தப் பெருங்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

முதலில் சல்லடை. அக்மார்க் தரப்படி 7 மி.மீ. காய் ஏஜிஇபி, 6 மி.மீ. காய் ஏஜிபி, 5 மி.மீ. காய் ஏஜிஎஸ். ஆனால் உருவம் மட்டும் பாஸாகிவிட்டால் போதாது. ஏஜிஇபி என்று சொல்லிக்கொள்ள ஒரு லிட்டர் காய் 435 கிராமாவது நிற்க வேண்டும். பார்வைக்குப் பருத்து உள்ளே பொக்காக இருக்கும் காய், லிட்டர் எடையில் அகப்பட்டுக்கொள்ளும்.

புத்தகத்தில் பக்க எண்ணிக்கைதான் சல்லடை. லிட்டர் எடைக்கு என்ன செய்வது? காம்ப்டியா நிறுவனம் தன் செக்யூரிட்டி பிளஸ் தேர்வின் பாடத்திட்டத்தை இலவசமாகவே தருகிறது. எஸ்ஒய்0-701 என்ற இப்போதைய வடிவில் ஐந்து பகுதிகள். பாதுகாப்புச் செயல்பாடுகளுக்கு 28 சதவீதம், பொதுக் கருத்துகளுக்கு 12 சதவீதம். நூலின் பொருளடக்கத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் வெளிச்சமாகிவிடும். 12 சதவீதத்துக்கு ஊர்க்கதை பேசிவிட்டு 28 சதவீதத்தை ஓட்டமாகக் கடக்கும் நூல், எத்தனை கனமாக இருந்தாலும் பொக்குதான்.

அடுத்தது உலர்த்தல் விதி. பச்சைக் காய் ஏறக்குறைய ஐந்து கிலோ உலர்த்தும் ஸ்டோருக்குள் போனால் ஒரு கிலோ உலர்ந்த காய் வெளியே வரும். சிஐஎஸ்எஸ்பி என்ற இன்னொரு சைபர் பாதுகாப்புச் சான்றிதழ்த் தேர்வுக்கான அதிகாரபூர்வ வழிகாட்டி ஆயிரம் பக்கத்தைத் தாண்டுவது. மேற்படி விகிதப்படி அது இருநூறு பக்கக் குறிப்பேடாகச் சுருங்க வேண்டும். சுருங்க மறுத்தால் கோளாறு புத்தகத்திலா, உலர்த்துபவரிடமா என்பது தனி ஆய்வுக்குரியது. (ஐந்தாண்டுப் பணி அனுபவம் கேட்கும் இந்தச் சான்றிதழுக்கு முதலாமாண்டு மாணவர் புத்தகம் வாங்குவது, நாற்று நட்ட அன்றே ஏல மையத்தில் இடம் பிடிப்பது மாதிரி.)

எந்த வருஷத்துக் காய் என்பதே வியாபாரியின் முதல் கேள்வி. புத்தகத்துக்கும் அதையே கேட்க வேண்டும். இங்கே போடி ரயிலைச் சாட்சிக்கு அழைக்கலாம். மீட்டர் கேஜ் பாதை 2010 கடைசியில் மூடப்பட்டது. அகலப் பாதையில் ரயில் மறுபடி வந்தது 2023 ஜூனில். ஊர் ரயிலுக்குக் காத்திருந்த அந்த இடைவெளிக்குள் செக்யூரிட்டி பிளஸ் தேர்வு 301, 401, 501, 601 என்று நான்கு முறை சட்டை மாற்றியது. ரயில் வந்த ஐந்தாம் மாதமே 701 வந்துவிட்டது. 601 தேர்வு 2024 ஜூலையோடு முடிந்தும் போனது. ஆகவே அண்ணன் படித்த புத்தகம் தம்பிக்கு ஆகும் என்ற வீட்டுப் பொருளாதாரம் இத்துறையில் செல்லாது.

சாயக் காய் விவகாரமும் உண்டு. வெளுத்த காய்க்குப் பச்சை ஏற்றுவதைப் போல, தேர்வில் வந்த கேள்விகளையே திருடித் தொகுத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு ‘பிரெயின் டம்ப்’ என்று பெயர். மாட்டினால் சான்றிதழே ரத்தாகும். சாயக் காயை நனைத்த துணியால் தேய்த்தால் சாயம் துணியில் ஒட்டும். டம்ப் படித்துத் தேறியவருக்கு நேர்முகத் தேர்வு என்ற துணி இருக்கிறது.

மண் வாசனையையும் சொல்லாமல் விட முடியாது. இந்த நூல்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் விளைந்தவை. அந்த நாட்டு மருத்துவத் தகவல் சட்டமெல்லாம் விரிவாக வரும். ஆனால் இந்தியாவின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவுப்படி, சைபர் தாக்குதல் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும். தேர்வுத்தாள் அதைக் கேட்காது. வேலைக்குச் சேர்ந்தால் மேலாளர் கேட்பார்.

பழைய பதிப்புகளை அப்படியே எடைக்குப் போடலாமா? வெடித்த காயும் மசாலாக்காரரிடம் விலை போகிறது. ஆர்எஸ்ஏ குறியாக்க முறை வெளிவந்தது 1977இல். அதன் கணக்கு 301 புத்தகத்தில் இருந்ததுதான் 701இலும் இருக்கிறது. அந்த அத்தியாயத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு போடிமெட்டுப் பேருந்தில் படிக்கலாம் என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. வழியில் 17 கொண்டை ஊசி வளைவுகள். நான்காவது வளைவிலேயே புத்தகத்தை மூடிவிட்டு, குமட்டலுக்கு ஒரு ஏலக்காயை வாயில் போட்டுக்கொள்ள நேரும் என்பது மறுதரப்பின் வாதம்.