பிசுக்குக்கு யார் வாரிசு?

சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவன் கேட்கிற கேள்விகள் எல்லோருக்கும் தெரிந்தவை. மெட்ரோ தண்ணீரா, போரா? மழைக்குத் தெருவில் முழங்கால் வரை நிற்குமா, இடுப்பு வரையா? அட்வான்ஸ் எத்தனை மாதம்? சிம்னியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்காததாலேயே ஓனர்கள் அதைத் தாமாக முன்வந்து காட்டுவார்கள்.

எங்கள் ஓனரும் காட்டினார். "மாடுலர் கிச்சன் சார். சிம்னி ஆயிரத்து இருநூறு சக்‌ஷன். வீடு கட்டினதுலேர்ந்து நாங்களேதான் இருந்தோம். நீங்கதான் முதல் டெனன்ட்" என்றவர், அதே மூச்சில், "வெஜிடேரியன்தானே?" என்றார். ஆமாம் என்றோம். வாடகைக்கு வீடு தேடுகிறவன் வாயில் அந்த ஆமாம் எப்போதும் தயாராகவே இருக்கும்.

ஆயிரத்து இருநூறு என்றால், மணிக்கு 1200 கன மீட்டர் காற்றை இழுக்கும் என்று அர்த்தம். எங்கள் சமையலறை எட்டுக்கு எட்டு, உயரம் பத்தடி. மொத்தமே 18 கன மீட்டர்தான். சிம்னி சொன்ன சொல்லைக் காப்பாற்றினால், கடுகு வெடித்து முடிகிற நேரத்தில் அறையின் காற்று முழுக்க மாறியிருக்க வேண்டும். நடந்தது வேறு. வற்றல் மிளகாயைக் கிள்ளிப் போட்டால் கமறல் முதலில் ஹாலுக்குப் போகும், அங்கிருந்து படுக்கையறைக்குப் போய் தலையணை உறையில் தங்கும். வேறு போக்கிடம் இல்லை என்றால்தான் சிம்னி பக்கம் எட்டிப் பார்க்கும். சத்தத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை. சிம்னி ஓடும்போது வீட்டில் எல்லோரும் சண்டை போடுவதாகவே அடுத்த வீட்டுக்காரர்கள் நினைத்தார்கள்.

சிம்னி வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. அடுப்பை அணைத்துவிட்டு, சிம்னியை முழு வேகத்தில் ஓடவிட்டு, அதன் அடியில் ஒரு தாளைப் பிடிக்க வேண்டும். இழுவை இருந்தால் தாள் ஒட்டிக்கொள்ளும். தினசரி காலண்டரில் அன்றைய தேதியைக் கிழித்துப் பிடித்தேன். ராகுகாலம், எமகண்டம், மேஷத்துக்கு லாபம், ரிஷபத்துக்கு அலைச்சல் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அது ஆடி அசைந்து வாணலிக்குள் இறங்கியது. என் ராசி ரிஷபம்.

பிடியை அழுத்தி இழுத்தால் ஃபில்டர் கழன்று வரும் என்பார்கள். எங்களுடையது கழன்று வரவில்லை, பிய்ந்து வந்தது. அலுமினியக் கம்பி வலையை அடுக்கடுக்காக வைத்துச் செய்த பழைய ரகம் அது. வலை என்பதற்கு ஆதாரமாக மூலையில் சில ஓட்டைகள் மிச்சமிருந்தன. மற்ற இடமெல்லாம் பழுப்பு நிறத்தில் மூடிக் கிடந்தது. கீழ் விளிம்பில் சொட்டுகள் வரிசையாகத் தொங்கின. விழப் போகிறது என்று கையை நீட்டினால் விழவில்லை. தொட்டால் விரலை விடவும் இல்லை.

இந்தப் பிசுக்கு வெறும் எண்ணெய் இல்லை. மெல்லிய படலமாகப் படிந்த எண்ணெயில் சூடும் காற்றும் பட்டுக்கொண்டே இருந்தால், அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வார்னிஷ் மாதிரி இறுகிவிடும். புது தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக் காய்ச்சிப் பழக்குகிறோமே, அதே சங்கதிதான். கல்லில் வந்தால் பதம், சிம்னியில் வந்தால் பிசுக்கு. ஒன்றை வரவழைக்கப் பாடுபடுகிறோம், மற்றதை விரட்டப் பாடுபடுகிறோம்.

விரட்டுவதற்கு ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். எலுமிச்சைத் தோல், பேக்கிங் சோடா, புளி, சாம்பல். மாடி வீட்டுக்காரர் காஸ்டிக் சோடா என்றார். அது எண்ணெயைச் சோப்பாக மாற்றிவிடும் என்பது உண்மைதான். ஆனால் கையோடு அலுமினியத்தையும் கரைத்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். சமையலறையில் ஹைட்ரஜன் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வேலைக்கு வரும் அக்கா ஃபில்டரை ஒரு பார்வை பார்த்து, "இது பாத்திரக் கணக்குல வராதுங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கடைசியில் அம்மாதான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு களத்தில் இறங்கினாள். அகலமான அலுமினிய டப்பில் ஃபில்டரைப் படுக்கவைத்து, சலவைத் தூளைப் போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றினாள். குப்பென்று ஆவி எழும்பியது. அம்மா மூக்கை அருகே கொண்டுபோய், கண்ணை மூடி, நிதானமாக இழுத்தாள்.

"கருவாடு" என்றாள். இன்னொரு முறை இழுத்துவிட்டு, "நெத்திலி" என்றாள்.

கழுவிய பிறகுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. இத்தனை காலம் அந்த வலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்ததே பிசுக்குதான். அது போனதும் கம்பி நூல் நூலாகப் பிரிந்து நின்றது. மாற்றியே ஆக வேண்டும். அதுவரை ஃபில்டர் இல்லாமல் சிம்னியை ஓட்டலாமா என்று மனைவி கேட்டாள். ஓட்டினால் எண்ணெய் நேராக மோட்டாருக்கும் குழாய்க்கும் போகும், தாளிக்கும்போது தீ எழும்பினால் உள்ளே பற்றிக்கொள்ளும், ஃபில்டர் இல்லாத அடுப்படியில் தாளிக்கவே கூடாது என்று விரிவாக எடுத்துரைத்தேன். அப்பளம் பொரிப்பது என் இலாகா என்பதால் அன்று முதல் எனக்கு விடுமுறை.

யார் மாற்றுவது? தமிழ்நாட்டில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. 2017-இல் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எந்தப் பழுதை ஓனர் பார்க்க வேண்டும், எதைக் குடியிருப்பவர் பார்க்க வேண்டும் என்று அதில் ஒரு அட்டவணை போட்டுப் பிரித்திருக்கிறார்கள். வெள்ளையடிப்பது ஓனர் பொறுப்பு. குழாய் வாஷரும் சமையலறையில் பொருத்தியிருக்கும் சாமான்களின் பழுதும் குடியிருப்பவர் பொறுப்பு. அக்ரிமெண்டில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதன்படி. இப்படிச் சட்டம் இருந்தும், காலி செய்கிற அன்று பெயிண்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் கழிக்காத ஓனரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஓனர் வந்தார். ஃபில்டரைத் தொடாமல் சுற்றிவந்து பார்த்தார். "இது பல்பு மாதிரி சார், யூஸ் பண்றவங்கதான் மாத்திக்கணும். அதோட, இது உங்க எண்ணெய்தானே?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பின்னாலிருந்து அம்மா சொன்னாள்: "மேல இருந்தது எங்க எண்ணெய்தான் தம்பி, இல்லேங்கல. அடியில இருந்ததுல கருவாட்டு வாசனை வந்துதே."

சமையலறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. முதல் டெனன்ட் நாங்கள்தான் என்று சொன்னவர் அவர். சைவம் என்று சொன்னவர்கள் நாங்கள். வாசனையை வைத்தே கருவாட்டைக் கண்டுபிடிக்க, அதிலும் அது நெத்திலி என்று சொல்ல, அம்மாவுக்கு எப்படி முடிந்தது என்று அவர் கேட்டிருக்கலாம். எங்களுக்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள் என்று நானும் கேட்டிருக்கலாம். இரு தரப்பும் விசாரணையை அத்துடன் முடித்துக்கொண்டோம்.

"பாதிப் பாதி போட்டுக்கலாம் சார்" என்றார் ஓனர். குரலில் அப்படியொரு தோழமையை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

மிக்சி, கிரைண்டர், கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்கும் கடைக்குப் பழைய ஃபில்டரைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போனேன். கடைக்காரர் கம்பெனி பெயரைக் கேட்கவே இல்லை. டேப்பை வைத்து நீளம், அகலம், கனம் மூன்றையும் அளந்தார். "வலை வேணாம் சார், பேஃபிள் போடுங்க. நம்ம தாளிப்புக்கு அதான் தாங்கும்" என்று ஒன்றை எடுத்துக் காட்டினார். வளைந்த ஸ்டீல் தகடுகள் எதிரெதிராகக் கோத்திருந்தன. புகை அதற்குள் நுழைந்தால் சட்டென்று திரும்ப வேண்டும். காற்று இலேசு, திரும்பிவிடும். எண்ணெய்த் துளி கனம், திரும்ப முடியாமல் தகட்டில் மோதி வழிந்துவிடும். வலை மாதிரி சீக்கிரம் அடைத்துக்கொள்ளாது, சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். புதிதாக வரும் ஃபில்டரே இல்லாத ஆட்டோ கிளீன் சிம்னியைப் பற்றியும் அவர் ஆரம்பித்தார். வீடு வாடகை வீடு என்றேன். உடனே புரிந்துகொண்டு பில் போட்டார்.

புது ஃபில்டர் கச்சிதமாக உட்கார்ந்தது. காலண்டரில் அடுத்த தேதியைக் கிழித்துப் பிடித்தேன். பலன் எதையும் படிக்கவிடாமல் தாள் மேலே ஒட்டிக்கொண்டது. பழையதைக் குப்பையில் போடப் போனபோது ஓனரிடமிருந்து போன் வந்தது. "அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க சார். வீட்டோட வந்த சாமான். பரண்ல வெச்சிடுங்க."

அக்ரிமெண்டைப் புதுப்பிக்கிற நேரமும் அப்போதுதான் வந்தது. வருஷத்தைத் தாண்டினால் ரிஜிஸ்டர் செய்ய வேண்டும் என்று 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் சொல்வதால், நம் ஊரில் எல்லோருடைய குடித்தனமும் பதினொரு மாதம்தான். கடைசிப் பக்கத்தில் சாமான் பட்டியல் இருந்தது. ஃபேன், டியூப்லைட், கீசர், அதற்குக் கீழே, "சிம்னி ஃபில்டர், பழையது, பரணில்". சிம்னியில் மாட்டியிருக்கும் புதியதைப் பற்றி ஒரு வரி இல்லை. பாதிக் காசு எங்களுடையது என்பதால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று ஓனருக்குக் குழப்பம்.

மனைவி பட்டியலை நிதானமாகப் படித்தாள்.

"என்னங்க, இதுப்படி பார்த்தா நம்ம சிம்னியில ஃபில்டரே இல்லையே?"

"அப்படித்தான் ஆகுது."

"ஃபில்டர் இல்லாத அடுப்படியில தாளிக்கவே கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? சரி, எனக்கு ரெண்டு பரோட்டா. அம்மாவுக்கு என்ன வேணும்னு கேட்டுட்டு வாங்க. சைவக் கடையா, மத்ததாங்கிறதை மட்டும் கதவைச் சாத்திட்டுக் கேளுங்க."