குட்டி யானையின் அகத்திணை

தமிழிலக்கணம் வாழ்க்கையை அகம் என்றும் புறம் என்றும் பகுத்ததைப் போலவே சரக்கு வண்டியையும் பகுக்க இயலும் என்பதும், அவ்வாறு பகுத்தால் வண்டிகளைப் பற்றி இதுகாறும் பேசப்பட்டவை ஏறக்குறைய அனைத்தும் புறத்திணையிலேயே அடங்கிவிடும் என்பதும் இக்கட்டுரையின் தொடக்கக் கருத்துகள் ஆகும். புறத்துக்கு வல்லுநர் பலர் உளர்: தகட்டின் நெளிவு எடுக்கும் டிங்கர் உண்டு, பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பவர் உண்டு, பின்கதவில் குலதெய்வத்தின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் நிழல் விழ எழுதிக் கொடுப்பவர் உண்டு, கரூரில் பேருந்துக்கும் நாமக்கல்லில் லாரிக்கும் பாடி கட்டுவது ஊர்ப்பெயரோடு ஒட்டிய தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அகத்துக்கு, அதாவது கேபினுக்குள் இருக்கும் இருக்கை, தரை, கூரை, டேஷ்போர்டு ஆகியவற்றுக்கு, அப்படியொரு மரபு அமையவில்லை. எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்காக, 8 ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டி ஆண்டுக்கு ஒருமுறை அதிகாரியின் முன் நிற்க வேண்டியிருப்பதால் புறம் ஆண்டுதோறும் பொலிவு பெறுகிறது. அகமோ, புது வண்டியின் இருக்கைமேல் போர்த்தியிருந்த பாலித்தீன் உறை கிழிந்த நாள் முதல் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட வண்டி குட்டி யானை. டாடா நிறுவனம் 2005 மே மாதத்தில் ‘ஏஸ்’ என்னும் பெயரில் வெளியிட்ட, இரண்டு சிலிண்டரும் சுமார் 700 சி.சி. கொள்ளளவும் 16 குதிரைத்திறனும் உடைய டீசல் எஞ்சினால் இயங்கும் இந்த நான்கு சக்கர வாகனத்துக்கு வடக்கே ‘சோட்டா ஹாத்தி’ என்றும் தமிழ்நாட்டில் குட்டி யானை என்றும் பெயர் விழுந்தது. சீட்டுக்கட்டிலிருந்து வந்த மூலப்பெயர் ஆர்.சி. புத்தகத்தோடு நின்றுவிட்டது. இது பிக்கப் ஆகுமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மகிந்திரா பொலீரோவும் அசோக் லேலண்ட் 2011இல் கொண்டுவந்த தோஸ்தும் போன்றவையே பிக்கப் எனத்தக்கவை என்பது ஒரு சாரார் கொள்கை. பின்பக்கம் திறந்திருந்து, வாடகை பேசும்போது ‘ஏத்துக்கூலி தனி’ என்று சொல்லப்படும் எதுவும் பிக்கப்பே என்பது மற்றொரு சாரார் கொள்கை. புதுக்கோட்டை மாவட்டத்தில் இரண்டாம் கொள்கையே வழக்கில் உள்ளது. வடகாட்டுப் பலாவும் கீரமங்கலத்துப் பூவும் ஜெகதாப்பட்டினத்து மீனும் தை பிறந்தால் வாடிவாசலுக்குப் போகும் காளையும் இந்த ஒரே வண்டியில் ஏறுவதால், வகைப்பாட்டை விசாரிக்க அங்கே எவருக்கும் நேரம் இருப்பதில்லை. மெய்யான யானைக்குப் பாகன் கழுத்தின்மேல் அமர்வான், இதற்கு வயிற்றுக்குள் அமர்வான் என்பது மட்டுமே குறிப்பிடத்தக்க உடற்கூற்று வேறுபாடு. அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்பது இலக்கண விதி ஆதலின், இங்கும் வண்டிக்காரர் எவர் பெயரும் கூறப்படவில்லை. பாகன் என்ற பொதுப்பெயரே ஆளப்படுகிறது.

திணைக்கு முதற்பொருள் நிலமும் பொழுதும் ஆகும். நிலத்தைப் பற்றிச் சிக்கல் இல்லை. வீட்டு வாசலில் வேப்பமரத்துக்கும் திண்ணைக்கும் இடைப்பட்ட செம்மண் தரையே அது. பொழுதில்தான் இடர்ப்பாடு. தையிலிருந்து வைகாசி வரை காளைகள், கோடையில் பலா, ஆடியில் கோவில் கொடை, ஆவணியில் முகூர்த்தத்துக்குப் பந்தல் சாமான் என்று வண்டி ஓடிக்கொண்டே இருப்பதால், அது வாசலில் சும்மா நிற்பது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மட்டுமே. இம்மாவட்டம் பெரிதும் நம்பியிருக்கும் வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களும் இவையே. எனவே பெயின்ட் காயாத, பசை ஒட்டாத, துரு மட்டுமே செழித்து வளரும் காலத்தில்தான் பெயின்ட் அடிக்கவும் பசை தடவவும் துரு நீக்கவும் பாகனுக்கு ஓய்வு வாய்க்கிறது. இலக்கணத்தின் கார் மாதக் கணக்கில் இதற்குச் சற்று முந்தியதே என்றாலும், கார்காலத்தை முல்லைக்கு உரியதாக்கி, அதன் உரிப்பொருளை ‘இருத்தல்’, அதாவது காத்திருத்தல், என்று முன்னோர் வகுத்திருப்பது இவ்விடத்தில் வியக்கத்தக்க பொருத்தம் உடையது. முல்லையில் தலைவனின் வரவுக்காகத் தலைவி காத்திருக்கிறாள். இங்கே முதல் கோட்டு காய்வதற்காகத் தலைவன் காத்திருக்கிறான். தலைவி, ‘வாசல்ல ஒரு கோலம் போட வழியில்லாம இதை எத்தனை நாளைக்கு நிறுத்தி வைக்கப் போறீக?’ என்று கேட்பது ஊடல் ஆதலின், அதை மருதத்தில் சேர்த்துவிடலாம்.

பணி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவதில் தொடங்குகிறது. பாசிட்டிவ் முனையை முதலில் கழற்றப் போனால், ஸ்பேனரின் மறுநுனி வண்டித் தகட்டில் பட்டுத் தீப்பொறி பறக்கும் என்பதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்ததாக இருக்கைகள் கழற்றப்பட்டுத் திண்ணையில் வைக்கப்படுகின்றன. சாதாரணமாகத் தோன்றும் இவ்வாக்கியத்தை வாசகர் நினைவில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இருக்கைகள் நீங்கியதும் வெளிப்படுவது ரப்பர் மேட். பொற்பனைக்கோட்டையில் மாநிலத் தொல்லியல் துறை 2023இல் தொடங்கிய அகழாய்வில் பொன் மூக்குத்தியும் சூதுபவள மணியும் கிடைத்தன. குட்டி யானையின் மேட்டுக்கு அடியில் கிடைப்பவை அத்துணை ஒளி படைத்தவை அல்ல என்றாலும், கீழே கிடப்பது முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது என்னும் மண்ணடுக்கு விதி இரண்டுக்கும் பொது. மேலடுக்கில் செம்மண்ணும், பான்பராக் உறையும், சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு வைக்க வாங்கியதில் எஞ்சி உருண்டோடிக் காய்ந்து கல்லான ஐந்தாவது எலுமிச்சையும் காணப்படுகின்றன. அதன் கீழ் பலாக்கொட்டையும் பூக்கட்டும் நாரும். அடியடுக்கில், தகட்டோடு ஒட்டிக்கொண்டு, ஒரு 25 காசு. அக்காசு 2011 ஜூன் 30 முதல் செல்லாமற் போயிற்று; வண்டியோ 2005க்கு முன் பிறக்கவில்லை; ஆகவே அடியடுக்கு இவ்விரு ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது என நாணயவியல் சான்றால் துணியலாம். செல்லாக் காசையும் சட்டைப்பையில் சுமந்து திரிவோர் உளரே என்ற மறுப்புக்கு விடை கூற இயலாமையால், அம்மறுப்பு இங்கே கருத்தில் கொள்ளப்படவில்லை.

கல்வெட்டியல் சான்று இந்த அளவுக்குக்கூட உதவுவதில்லை. குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டு சுமார் 1,300 ஆண்டுகளைக் கடந்தும் படிக்கும்படி நிற்கிறது. சன் வைசரில் செருகி வைத்த லெம்பலக்குடிச் சுங்கச்சாவடி ரசீதோ, மையால் அன்றி வெப்பத்தால் எழுத்து தோன்றும் தாளில் அச்சிடப்பட்டதால், ஒரே கோடையில் வெற்றுத்தாளாகிவிடுகிறது. அதை வீசிவிட மனமின்றிப் பாகன் மீண்டும் சன் வைசரிலேயே செருகி வைக்கிறான் என்பதிலிருந்து, ஆவணத்தின் மதிப்பு அதன் எழுத்தில் இல்லை என்பது பெறப்படும்.

இத்துறையின் பெரும் சர்ச்சை, நடு அடுக்கில் கிடைக்கும் மஞ்சள் தூள் பற்றியது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல், வடகாடு, கீரமங்கலம் வட்டாரத்துப் பலா மரங்களை வேரோடு சாய்த்தது. பலாவின் வைரம் மஞ்சள், அதை அறுத்த தூளும் மஞ்சள். ஆகவே இது மரம் ஏற்றிய நாள்களின் எச்சம், ‘கஜா அடுக்கு’ எனப் பெயரிடத்தக்கது என்பர் ஒரு சாரார். இருக்கைக்குள் பொதிந்திருக்கும் பாலியூரித்தேன் ஃபோம், ஈரமும் வெப்பமும் பட்டுப் பிணைப்பு அறுந்து, காலப்போக்கில் மஞ்சள் தூளாகவே உதிரும் என்பர் மறுசாரார். விரலிடையில் வைத்துத் தேய்த்தால் மரத்தூள் நரநரக்கும், ஃபோம் பிசுபிசுத்து ரேகையில் ஒட்டிக்கொள்ளும் என்பதே நம்பத்தகுந்த சோதனை. தும்மல் இரண்டுக்கும் வரும்.

சர்ச்சை முற்றும் இந்நேரத்தில் 10ஆம் நம்பர் ஸ்பேனர் காணாமற் போகும். இது உலகெங்கும் மெக்கானிக்குகள் ஒப்புக்கொண்ட இயற்கை விதி. தீர்வு மட்டும் புதுக்கோட்டைக்கு உரியது. திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் சமஸ்தான மன்னர்களின் குலதெய்வம். ஒருபுறம் அவள் உருவமும் மறுபுறம் தெலுங்கில் ‘விஜய’ என்ற சொல்லும் பொறித்த அம்மன் காசு நவராத்திரியில் அரிசியோடு வழங்கப்பட்டது. அதனால் அரைக்காசு அம்மன் எனப் பெயர் பெற்ற அவள், தொலைந்த பொருளை மீட்டுத் தருபவளாக இன்றும் வேண்டப்படுகிறாள். வெல்லம் வைப்பதாக வேண்டிக்கொண்டதும் ஸ்பேனர் கிடைத்துவிடுகிறது, பெரும்பாலும் ஹேண்ட்பிரேக்கின் அடிக்குழியில், சில வேளைகளில் பாகனின் கையிலேயே. வேண்டிய வெல்லத்தின் எடைக்கும் ஸ்பேனர் அகப்படும் விரைவுக்கும் உள்ள தொடர்பு தனி ஆய்வுக்கு உரியது.

தரையைக் கழுவிய பின்னரே துரு தன் முழு உருவைக் காட்டும். கோட்டைப்பட்டினத்து மீன்பெட்டியில் பனிக்கட்டி உருகி வழியும் நீரில் உப்பு கலந்திருக்கிறது. அதை மிதித்த செருப்போடு ஏறி இறங்குவதால் பாகனின் காலடித் தகடே முதலில் பலியாகிறது. துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் இயல்பு உடையது ஆதலின், பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும். கொப்புளத்தை ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்திப் பார்க்க வேண்டும்: தகடு தெரிந்தால் கம்பி பிரஷ், வாசற்செம்மண் தெரிந்தால் வெல்டிங். வெல்டிங் என்று முடிவானால் ஃபோம், ரெக்ஸின் எதுவும் அருகில் இருத்தல் ஆகாது. எரியும் ஃபோமின் புகை நஞ்சு. பிரஷ் போட்ட இடத்தில் தடவும் துருமாற்றிகள் சிலவற்றில் டானிக் அமிலம் இருக்கிறது. அது துருவோடு கூடிக் கருநிறப் படலமாக மாறி மேற்கொண்டு அரிப்பதைத் தடுக்கிறது. கடுக்காயின் துவர்ப்பும் அவ்வமிலத்தின் இனத்ததே. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து முன்னோர் மை காய்ச்சிய வினையும் இதுவே. இவ்வுண்மையை அறிந்த பாகன், அப்பத்தாவின் மருந்துப் பானையிலிருந்து கடுக்காய் எடுத்து இடிக்க முயன்றால் என்ன நேரும் என்பது வேதியியலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

டேஷ்போர்டு என்னும் சொல் குதிரை வண்டிக் காலத்தது. குளம்படியில் தெறிக்கும் சேறு ஓட்டுபவன்மேல் படாமல் தடுக்க முன்னே நிறுத்திய பலகைக்கே முதலில் அப்பெயர். சேறு வருவது நின்றபின் பலகைக்கு வேறு பயன் வேண்டியிருந்தது. அதில் பிள்ளையார் எழுந்தருளினார். அவர் இருபுறமும் ஒட்டும் டேப்பால் நிறுவப்பட்டவர் ஆதலின், வெயிலில் வெடித்த பிளாஸ்டிக்கை எம்-சீல் வைத்து அடைக்க அவரைப் பெயர்த்தெடுக்க வேண்டும். பெயர்த்தால் மீண்டும் நல்ல நாள் பார்த்துத்தான் ஒட்ட வேண்டும். வெடிப்புகள் அப்படியே விடப்படுவதற்குப் பிளாஸ்டிக்கின் குணத்தைவிடப் பஞ்சாங்கமே பெரும் காரணம். கூரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சித்தன்னவாசல் குகையின் விதானத்தில் தாமரைக் குளமும் மீனும் யானையும் தீட்டப்பட்டுள்ளன. இந்த யானையின் விதானத்தில் பீடிப்புகையும், தொங்கிப்போன விரிப்பைத் தாங்க அடித்த இரண்டு ஸ்க்ரூவும் உள்ளன.

எஞ்சியது இருக்கை. அதைப் போர்த்தியிருக்கும் ரெக்ஸின், இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே செய்யப்பட்ட ஒரு போலித் தோலின் வணிகப்பெயர். செல்லுலோஸ் நைட்ரேட் பூசிய அத்துணி மறைந்து, பி.வி.சி. பூசியது வந்த பின்னும் பெயர் மாறவில்லை. பி.வி.சி.யை வளையச் செய்யும் நெகிழியூட்டி வெப்பத்தில் மெல்ல வெளியேற, ரெக்ஸின் விறைத்து வெடிக்கும். குட்டி யானையில் எஞ்சின் இருக்கைகளுக்கு அடியிலேயே அமைந்திருப்பதால், மேலே வெயிலும் கீழே எஞ்சினுமாக இருக்கை இருபுறமும் வாட்டப்படுகிறது, பாகனும் அவ்வாறே.

ஆவுடையார்கோவிலின் கல் கொடுங்கை அத்துணை நுட்பமானது ஆதலின், பழங்காலச் சிற்பிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது ‘ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக’ என்று எழுதிக்கொள்வர் என்பது வாய்மொழிச் செய்தி. வீட்டிலேயே அகத்தைப் புதுப்பிக்கப் புகும் பாகன்களும் ‘சீட்டுத் தையல் நீங்கலாக’ என்று எழுதிக்கொள்வதே நன்று. எழுதிக்கொள்ளாதவன் வீட்டுத் தையல் மெஷினைத் திண்ணைக்கு இழுத்து வருகிறான். ரெக்ஸினை ஒரு மடிப்புவரை அது தைக்கும், பைப்பிங் வரும் ஓரத்தின் மூன்றாம் மடிப்பில் ஊசி ஒடியும். மூன்று ஊசி ஒடிந்து, மெஷினுக்கு உரியவள் வெளியே வந்து நின்றதும், அவன் குஷன் கடைக்குப் போகிறான். குஷன் கடைக்காரர் அளவெல்லாம் கேட்டுக்கொண்டு, ‘மழை விடட்டும்ணே, பாத்துக்கலாம்’ என்கிறார்.

மழை விடுவதற்குள் திண்ணையில் நிகழ்வதே இவ்வாய்வின் முடிபு. ஓட்டுநர் இருக்கை இல்லாமல் வண்டி நகராது ஆகையால் அது எப்படியோ தைக்கப்பட்டுத் திரும்பி விடுகிறது. இடப்பக்க இருக்கைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதன் சாய்வு முதுகுக்கு இதம், அதன் உயரம் மூட்டுவலிக்கு இதம் என்று முதல் வாரத்திலேயே கண்டறியும் அப்பத்தா, இரண்டாம் வாரத்தில் அதன்மேல் ஒரு பழஞ்சேலையை மடித்து விரித்து, வெற்றிலைப் பெட்டியையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிடுகிறார். அகம் என்ற சொல்லுக்கு உள் என்று மட்டுமன்றி வீடு என்றும் தமிழில் பொருள் உண்டு. வண்டியின் அகத்தைப் புதுப்பிப்பது என்பது அதில் ஒரு பங்கை வீட்டின் அகத்துக்கு எழுதிக் கொடுப்பதே ஆகும். ‘அப்பத்தா, கொஞ்சம் எந்திரி, சீட்டை மாட்டணும்’ என்று பேரன் கேட்டால், ‘பூ ஏத்துற வண்டிக்கு எதுக்குடா ரெண்டு சீட்டு?’ என்ற எதிர்வினா வருகிறது. இதற்கு விடை சொன்ன பாகன் எவனும் இம்மாவட்டத்தில் இல்லை.

கீரமங்கலம் பூச்சந்தைக்கு வண்டி விடியுமுன் கிளம்பிவிடுகிறது. கூடப் போகும் பையன், எஞ்சின் மூடியின்மேல் நான்காக மடித்துப் போட்ட சாக்கில் உட்கார்ந்து போகிறான்.