ஆடி வந்தால் தள்ளுபடி?

கோடி கோடியாகக் கொட்டி கார் கம்பெனிகள் ரேஸ் ஓட்டுவது எதற்கு? அந்தக் காசில் கார் விலையைக் குறைக்கலாமே?

விலையைக் குறைத்தால் ஒரு நாள் செய்தி. ஜெயித்தால் சினிமாவே எடுப்பார்கள்! 1963-ல் ஃபெராரி கம்பெனியை விலைக்குக் கேட்டது ஃபோர்டு. கையெழுத்துப் போடும் நேரத்தில் என்ஸோ ஃபெராரி எழுந்து போய்விட்டார். பெண் கேட்டுப் போய் அவமானப்பட்ட கோபம் ஃபோர்டுக்கு. 1966-ல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேர ரேஸில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தது. 2019-ல் அது ஹாலிவுட் படமானது; பிறகு இரண்டு ஆஸ்கரும் வாங்கியது.

கார் விற்பதற்காகத்தானே இத்தனை ரேஸும்?

மற்றவர்களுக்கு அப்படி. என்ஸோ ஃபெராரி ரேஸ் செலவுக்காகத்தான் காரே விற்றார்!

மாதத் தவணையில் கார் வாங்கிய எனக்கு இதனால் என்ன லாபம்?

பிரேக்கை மிதித்துப் பாருங்கள். 1953-ல் டிஸ்க் பிரேக்கோடு லெ மானில் ஜெயித்தது ஜாகுவார். இன்று உங்கள் காரின் முன்சக்கரத்திலும் அநேகமாக அதுதான். நிறுத்தத் தெரிந்தவனுக்கே வேகம் அழகு.

டீசல் கார் ரேஸில் ஜெயிக்குமா?

2006-ல் லெ மானில் ஜெயித்த முதல் டீசல் கார், ஆடி. தள்ளுபடி போடாமலே ஆடியில் டீசலை விற்கும் வித்தை! ஆனால் 2015-ல் அதன் தாய் நிறுவனமான ஃபோக்ஸ்வாகன் டீசல் புகைச் சோதனையில் செய்த மோசடி அம்பலமானது. 2016 முடிவில் ஆடி லெ மானை விட்டே விலகியது. கோப்பையைக் காட்டிப் புகையை மறைக்க முடியாது.