வேட்டைக்குப் போன துரைமார்களும் மனுக் கொடுத்த குடியானவர்களும்

அமெரிக்காவில் நெவாடா, வயோமிங் பக்கத்துப் பொட்டல்வெளிகளில் ப்ராங்ஹார்ன் என்றொரு பிராணி மேய்கிறது. பார்க்க மான் மாதிரி இருக்கும். ஆனால் மான் இல்லை. நெருங்கிய சொந்தம் என்று தேடினால் ஒட்டகச்சிவிங்கி வீட்டில் போய் நிற்கும். அதைச் சுட வேண்டுமென்றால் முதலில் அரசாங்கம் நடத்தும் குலுக்கலில் சீட்டு விழ வேண்டும். சில இடங்களில் அதற்கே வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சீட்டு விழுந்த பிறகு வரைபடம், தொலைநோக்கி, தண்ணீர் கேன், உபரி டயர் என்று ஒரு சின்ன யுத்தத்துக்கான ஏற்பாடு. இவ்வளவும் முடிந்து போய்ப் பார்த்தால், வேட்டைக்காரர் அதைப் பார்ப்பதற்கு அரை மணி முன்பே அது அவரைப் பார்த்துவிட்டு, மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் அடுத்த தாலுகாவுக்குக் குடிபெயர்ந்திருக்கும். இத்தனை வேகம் எதற்கு? அமெரிக்காவில் ஒரு காலத்தில் சிவிங்கிப்புலி மாதிரி ஒரு மிருகம் இருந்தது, அதற்குப் பயந்து ஓடிப் பழகியது என்கிறார்கள் சில விஞ்ஞானிகள். துரத்தியவன் பூண்டோடு அழிந்து பத்தாயிரம் வருஷத்துக்கு மேலாகிறது. தகவல் இன்னும் இதற்குப் போய்ச் சேரவில்லை.

நம் பக்கத்தில் அந்த ஓட்டத்துக்குப் பெயர் போனது வெளிமான். முறுக்கிய கொம்பு, கறுப்புக் கோட்டு, வெள்ளை வேட்டி என்று வக்கீல் குமாஸ்தா போல இருக்கும். புல்வெளியும் புதர்க்காடும் இருந்த வரையில் தமிழ்நாட்டுச் சமவெளிகளில் நிறையவே மேய்ந்தது. அதை அடிக்கவும், அது கிடைக்காவிட்டால் வேறு எதையாவது அடிக்கவும் கிளம்பியவர்களின் கதை செங்கல்பட்டுச் சீமையில் ஏராளம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: பிரமாதமாகத் திட்டம் போட்டுப் போன எவனும் இங்கே நினைத்ததை அடித்ததில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதில் விழுந்தது மான் அல்ல.

முதல் வழக்கு மாமல்லபுரத்தில், கல்லில் பதிவாகியிருக்கிறது. பாசுபதாஸ்திரம் வேண்டி அர்ச்சுனன் ஒற்றைக்காலில் நிற்கிறான். மூகன் என்ற அசுரன் பன்றி வேஷத்தில் அவன் மேல் பாய வருகிறான். அர்ச்சுனன் அம்பு விடுகிறான். அதே நேரம் வேடன் வேஷத்தில் வந்த சிவபெருமானும் விடுகிறார். பன்றி விழுந்தது. உடனே ஆரம்பித்தது தகராறு: யார் அம்பு முதலில் பட்டது? ஒருவன் இந்திரன் பிள்ளை, இன்னொருவர் அகிலாண்டேசுவரர். இருவரும் ஒரு பன்றிக்காகக் கட்டிப்புரண்டார்கள். கடைசியில் சுவாமி சுயரூபம் காட்டி, கேட்டதைக் கொடுத்து, சுபம் போட்டார். பன்றி என்ன ஆயிற்று என்று எந்தப் புராணிகரும் கவலைப்பட்டதில்லை. வேட்டைக்குப் போனவர்கள் வேட்டையை மறந்து பெருமைக்குச் சண்டை போடுவது அன்றைக்கே தொடங்கியாயிற்று.

அது அர்ச்சுனனே இல்லை, பகீரதன், நடுப்பிளவில் இறங்குவது கங்கை என்று ஒரு கட்சி உண்டு. இரண்டு கட்சியும் ஒத்துப்போகும் இடம் பாறையின் கீழ்ப்பகுதி. அங்கே ஒரு பூனை, தானும் தபசி என்று கையை உயர்த்தி நிற்கிறது. காலடியில் எலிகள் பக்தியோடு கூடியிருக்கின்றன. ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்கிறது. மேலே தேவாதி தேவர்கள் திரண்டிருக்க, இந்த மானுக்கு மூக்கு அரிக்கிறது, அவ்வளவுதான். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி கட்டாயம் மானை நேரில் பார்த்தவன். கொஞ்ச தூரத்தில் வராகக் குகைக்குள் போனால் துர்க்கைக்கு ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் மான். இரண்டும் ஒரே சுவரில் ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேலாகக் குடித்தனம் நடத்துகின்றன, புகார் இல்லை.

சாமி விஷயத்தில் இப்படிப் பேசலாமா என்று கேட்பவர்களுக்கு: இந்த மண்ணை ஆண்ட மகேந்திரவர்ம பல்லவரே காஞ்சிபுரத்துச் சாமியார்கள் குடித்துவிட்டு அடிக்கும் கூத்தை வைத்து மத்தவிலாசம் என்று ஒரு நாடகம் எழுதினார். அதில் காணாமல் போன கபாலத்தைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய். ராஜா காட்டிய வழி, குடிமகன் நடக்கிறேன்.

இரண்டாவது வழக்கின் கதாநாயகர் ஜார்ஜ் பிகட், சென்னைப்பட்டணத்து கவர்னர். ஆற்காட்டு நவாப் முகமது அலிக்குக் கிழக்கிந்தியக் கும்பினி செய்த உதவிகளுக்கெல்லாம் பில் வந்துகொண்டே இருந்தது. பணத்துக்குப் பதில் 1763ல் செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார் நவாப். அதே வருஷக் கடைசியில் பிகட் பதவியை விட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். ஊருக்குப் போகிறவர் வெறும் கையோடு போகலாமா? மூன்றாம் ஜார்ஜ் மகாராஜாவுக்கென்று ஒரு சிவிங்கிப்புலியும், அதைப் பார்த்துக்கொள்ள இந்திய ஆட்களும் போய்ச் சேர்ந்தார்கள். மாதக்கணக்கான கடல் பிரயாணத்தில் அதை வேளாவேளைக்குச் சாப்பிட வைத்தவர்களைப் பற்றிக் காவியம் பாடியிருக்க வேண்டும். யாரும் பாடவில்லை.

இங்கே சிவிங்கி வேட்டை எப்படி நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வெளிமான் குதிரையைக் கண்டால் ஓடும், துப்பாக்கிக்காரனைக் கண்டால் ஓடும். மாட்டு வண்டியைக் கண்டால் ஓடாது. வைக்கோல் ஏற்றிப் போகிற வண்டி என்று மேய்ச்சலைத் தொடரும். அந்த வண்டி மேல் கண்ணை மூடிய குல்லாயோடு சிவிங்கி உட்கார்ந்திருக்கும். வண்டி நேராகப் போகாது. ஏதோ வேறு ஜோலியாகப் போவதுபோல் வளைந்து வளைந்து நெருங்கும். கிட்டப் போனதும் குல்லாயைக் கழற்றி, மந்தையின் பக்கம் முகத்தைத் திருப்பிவிடுவார்கள். சில நூறு கஜத்துக்குள் பிடித்தால் பிடித்தது. இல்லாவிட்டால் சிவிங்கி ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். பிடித்துவிட்டாலும் வேலை முடியாது. மானின் ரத்தத்தை ஒரு மரக்கரண்டியில் பிடித்து அதன் வாயருகே நீட்டினால்தான் பிடியை விடும். ஆக, அந்த வித்தையில் சிவிங்கியின் பங்கு அரை நிமிஷம். பாக்கியெல்லாம் வண்டிக்காரனும் கரண்டிக்காரனும்.

இந்த நுணுக்கமெல்லாம் வின்ட்சர் அரண்மனைக்குப் போய்ச் சேரவில்லை. அரண்மனையை ஒட்டிய பெரிய பூங்காவுக்கு அதிகாரியாக இருந்தவர் ராஜாவின் சித்தப்பா, கம்பர்லாந்து பிரபு. ஸ்காட்லாந்தில் கலகத்தை அடக்கிய விதத்துக்காக ‘கசாப்புக்காரர்’ என்று பட்டம் வாங்கியவர். ரத்தம் பார்ப்பதில் அனுபவஸ்தர். 1764 ஜூன் 30 அன்று அடைப்புப் போட்டு, கொம்பு படர்ந்த ஆண்மான் ஒன்றை உள்ளே நிறுத்தி, சிவிங்கியை அவிழ்த்துவிட்டார். மாட்டு வண்டி கிடையாது, வெட்டவெளி கிடையாது, ஓடுகிற வெளிமானும் கிடையாது. முக்கியமாக, அந்த மானுக்கு ஓட வேண்டும் என்ற எண்ணமே கிடையாது. சிவிங்கி பாய்ந்தது, மான் கொம்பால் விரட்டியது. மறுபடி பாய்ந்தது, மறுபடி விரட்டியது. கடைசியில் சிவிங்கி அடைப்பைத் தாண்டி மரங்களுக்குள் ஓடி, இந்தக் கூத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த வேறொரு மானைக் கொன்றது. நம் ஆட்கள் போய் அதைப் பிடித்து வந்தார்கள்.

ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஓவியரைக் கொண்டு பிகட் இதைப் படமாக்கினார். இன்றைக்கும் மான்செஸ்டர் ஓவியக் கூடத்தில் இருக்கிறது. வெள்ளை உடுப்பில் இரண்டு இந்தியர்கள். ஒருவர் சிவிங்கியின் குல்லாயைத் தள்ளிப் பிடித்திருக்கிறார், மற்றவர் ‘அதோ பார்’ என்று மானைக் காட்டுகிறார். எல்லாம் கம்பீரம். தோல்விக்கு ஒரு நிமிஷம் முன்னால் நிறுத்திவிட்டால் எந்த வேட்டையும் கம்பீரம்தான். ஸ்டப்ஸுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது.

அந்த ஒரே விதிவிலக்கு இப்போது. பிகட் 1775ல் மறுபடி கவர்னராக வந்தார். தஞ்சாவூரை அதன் ராஜாவிடமே திருப்பிக் கொடுத்தார். நவாப்புக்கு வட்டிக்குக் கடன் கொடுத்துத் தஞ்சாவூர் வருமானத்தை நம்பியிருந்த கும்பினி உத்தியோகஸ்தர்களின் வயிறு எரிந்தது. சபையில் பெரும்பான்மையினர் கவர்னருக்கு எதிராகத் திரும்பினார்கள். இதன் பிறகு நடந்ததுதான் சென்னைப்பட்டணத்திலேயே சுத்தமாகத் திட்டமிட்டு முடித்த வேட்டை. 1776 ஆகஸ்ட் 24. எதிர்க்கட்சிக்கு வேலை செய்த கர்னல் ஸ்டூவர்ட் அன்றைக்குக் கவர்னரோடு காலைச் சாப்பாடு, மத்தியானச் சாப்பாடு இரண்டையும் முடித்தார். சாயங்காலம் தோட்ட மாளிகைக்குப் போகிற கவர்னரின் வண்டியிலேயே பக்கத்தில் ஏறிக்கொண்டார். ராத்திரிச் சாப்பாடும் அங்கேதான் என்று ஏற்பாடு. வழியில் ஆட்கள் மறித்தார்கள். பிகட் பிடிபட்டார். மிருகம் சந்தேகப்படாத வண்டியில் போக வேண்டும் என்ற பழைய பாடம். சிவிங்கி இடத்தில் கர்னல். பரங்கிமலையில் காவலில் வைத்தார்கள்; அடுத்த வருஷம் மே மாதம் காவலிலேயே இறந்தார். இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு கவர்னர் என்பது கொஞ்சம் மலிவுதான்.

மூன்றாவது வழக்கு 1790களில், மதுராந்தகத்துக்குப் பக்கத்தில். செங்கல்பட்டு ஜாகீருக்கு அப்போது கலெக்டர் லயனல் பிளேஸ். வரி வசூலில் கறார்ப் பேர்வழி. மதுராந்தகம் ஏரிக்கரை உடைகிற மாதிரி இருந்த ஒரு மழை ராத்திரியில் இவர் கரைக்குப் போய்ப் பார்த்தாராம். வில்லும் அம்புமாக இரண்டு இளைஞர்கள் கரையைக் காத்துக்கொண்டு நின்றார்களாம். ராம லட்சுமணர்கள் என்று ஊர் சொல்லும். ஏரி காத்த ராமர் என்று கோயிலுக்கே பெயர். கரை உடையாமல் நின்றால் தாயார் சன்னிதி கட்டித் தருகிறேன் என்று சொல்லியிருந்த துரை, அந்த வாக்கைக் காப்பாற்றினார். அவர் பெயர் அங்கே கல்லில் இருக்கிறது. இந்தச் சீமைக் கதைகளில் வில்லோடு நின்று எதையும் அடிக்காமல் பேர் வாங்கியவர்கள் அவர்கள் இருவர்தான்.

மதுராந்தகத்திலிருந்து கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் மாட்டு வண்டி தூரத்தில் வேடந்தாங்கல். வேடர்கள் தங்கிய ஊர் என்று பெயர் வைத்துக்கொண்டு வேட்டையை நிறுத்திய ஊர். குளிர் மாதங்களில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் அரிவாள் மூக்கனும் ஏரி மரங்களில் வந்து கூடு கட்டும். கும்பினிச் சிப்பாய்களின் கண்ணில் அது பட்டது. பாலைவனம் தாண்ட வேண்டாம், குலுக்கல் வேண்டாம். கரையில் நின்றுகொண்டே சுடலாம். சுட்டார்கள்.

ஊரார் கம்பெடுக்கவில்லை. கலெக்டரிடம் போனார்கள். என்ன பேசினார்கள் என்பதை நான் இப்படிக் கற்பனை செய்துகொள்கிறேன்.

“தொரை, சிப்பாயிங்க எங்க கொக்குங்களைச் சுடறாங்க.”

“கொக்குதானே? உங்களுக்கென்ன நஷ்டம்?”

“எச்சம் போவுதுங்க. எச்சம் ஏரியில விழுந்தாத்தான் தண்ணிக்குச் சத்து. அந்தத் தண்ணி பாஞ்சாத்தான் நெல்லு. நெல்லு இல்லன்னா...”

“இல்லாவிட்டால்?”

“கிஸ்தி எப்படிங்க கட்டறது?”

துரை அந்த இடத்தில்தான் பறவை அபிமானி ஆகியிருக்க வேண்டும். 1798 வாக்கில் ஊராருக்குக் கவுல் எழுதிக் கொடுத்தார்: ஏரியில் யாரும் சுடக்கூடாது. 1858ல் ஊரார் அதைப் புதுப்பித்தும் வாங்கிவிட்டார்கள். இந்தியாவில் இப்படி எழுத்து மூலம் பாதுகாப்பு வாங்கிய பறவை இருப்பிடங்களில் இதுதான் மிகப் பழையது என்று பெயர். தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்ற கட்டுப்பாட்டையும் ஊர் தானாகவே போட்டுக்கொண்டது. தம் பிள்ளைகளின் அழுகையைச் சமாளித்த அந்த ஊர்ப் பெற்றோர்களுக்குத்தான் முதல் விருது தர வேண்டும்.

வெளிமானுக்கு அப்படி ஒரு ஊர் அமையவில்லை. அதன் எச்சத்துக்கு மார்க்கெட் இல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம். புல்வெளி வயலாகி, வயல் மனையாகி, இன்றைக்குப் பழைய சைதாப்பேட்டை தாலுகாவில் கிண்டிப் பூங்காவும் ஐ.ஐ.டி. வளாகமும்தான் மிச்சம், அதைவிட்டால் கோடியக்கரை மாதிரி சில இடங்கள். டெக்சாஸ்காரர்கள் 1930களில் கொண்டுபோய் வளர்த்து, பணம் வாங்கிக்கொண்டு சுடவிடுகிறார்கள். இங்கே 1972 வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு தொட்டால் ஜெயில். ராஜஸ்தானத்து வறண்ட பூமியில் 1998ல் வெளிமான் கொன்றதாக ஓர் இந்திப் பட நடிகர் மேல் வழக்கு வந்தது. விடாமல் நின்றவர்கள் பிஷ்னோய் கிராமத்தார். 2018ல் விசாரணைக் கோர்ட்டு ஐந்து வருஷ தண்டனை என்றது. அங்கேயும் கடைசியில் பேசியது துப்பாக்கி அல்ல, காகிதம்.

காகிதம் இரண்டு பக்கமும் வெட்டும். 2020ல் வேடந்தாங்கல் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் சுற்றளவு எல்லையை 3 கிலோமீட்டராகக் குறைக்க அரசாங்கத்திலேயே ஒரு யோசனை கிளம்பியது. இந்த முறை சிப்பாயும் இல்லை, ரவையும் இல்லை, வரைபடமும் பென்சிலும்தான். எதிர்ப்பு எழுந்தது, விவகாரம் ஐகோர்ட்டு வரை போனது. இருநூறு வருஷத்துக்கு முன்பு பிளேஸ் துரையிடம் போனவர்களின் புத்திசாலித்தனம் இப்போதுதான் முழுசாகப் புரிகிறது: அவர்கள் துரையிடம் இரக்கத்தைக் கேட்கவில்லை, கையெழுத்தைக் கேட்டார்கள். அடுத்த பென்சில் எப்போது கூர்சீவப்படும் என்று தெரியாது. மனு எழுதத் தெரிந்தவர் ஊருக்கு நாலு பேராவது இருக்கட்டும்.