சுற்றாடல் மாஸ்டர்

கொழும்பில் தமிழர் குடியிருக்கும் எந்தத் தொடர்மாடியிலும் சில பேர் கட்டாயம் இருப்பார்கள். கனடாவில் இப்போது நேரம் என்ன என்று எப்போது கேட்டாலும் சொல்பவர் ஒருவர். லிஃப்ட் நின்றுவிட்டால் யாருக்குப் போன் அடிக்க வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர். அண்மைக் காலத்தில் இந்த வரிசையில் புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். அவர்தான் சுற்றாடல் மாஸ்டர். வெள்ளவத்தையில் அவர் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளராக இருப்பார். கொட்டாஞ்சேனையில் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்ட முதலாளியாக இருக்கலாம். எங்கள் மருதானைப் பதிப்பு, விஞ்ஞானம் படிப்பித்த மாஸ்டர். ஆகையால் எதையும் இரண்டு தரம் சொல்வார். மூன்றாம் தரம் எங்களைக் கேள்வி கேட்பார்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் மடித்து வைத்த இன்னொரு துணிப்பை. கல்யாண வீட்டில் கொடுத்தது, நூல் வெளியீட்டில் கொடுத்தது, கருத்தரங்கில் கொடுத்தது, ஒருவரும் கொடுக்காமல் தானே விலைக்கு வாங்கியது என்று வீட்டில் ஓர் அலுமாரித் தட்டு நிறையத் துணிப்பைகள். மாஸ்டரின் மனைவியும் ஆசிரியைதான். “இஞ்சாருங்கோ, சீலை அடுக்க இடமில்லை. இந்தப் பையளை ஒட்டித் தைச்சு எனக்கொரு சீலை ஆக்கித் தாங்கோ” என்று டீச்சர் ஒருமுறை கேட்டுவிட்டார். மாஸ்டர் அதை நல்ல யோசனை என்று குறித்துக்கொண்டார்.

மரக்கறிக்காரத் தம்பி மாஸ்டரை விட வேகமானவன். இவர் பையைத் தேடி எடுத்து வாயை விரிப்பதற்குள் போஞ்சி சிலிசிலி பேக்குக்குள் போய்விடும். “தம்பி, சிலிசிலி வேண்டாம்!” என்று மாஸ்டர் கத்துவார். அவன் மறுபேச்சில்லாமல் போஞ்சியைத் துணிப்பைக்குள் கொட்டிவிட்டுச் சிலிசிலியை நிலத்தில் விட்டெறிவான். எறிந்ததைப் பார்த்துக்கொண்டு மாஸ்டரால் போக முடியாது. குனிந்து எடுத்து, மடித்து, அதையும் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். பிறகு கழுவிக் காயப்போடுவார். மருதானைச் சந்தியில் நின்று அண்ணாந்து பார்த்தால் எந்த வீடு அவருடையது என்று கேட்கத் தேவையில்லை. பல்கனிக் கொடியில் ஷர்ட்டுகளுக்கு நடுவே சிலிசிலி பேக்குகள் காற்றில் ஊதிக்கொண்டு நிற்கும்.

இவர் இப்படி ஆனதற்குக் காரணம் இருக்கிறது. 2017 ஏப்ரல் 14, சித்திரை வருடப்பிறப்பு. அன்றைக்குத்தான் மீதொட்டமுல்லையில் கொழும்பின் குப்பைமலை சரிந்து பக்கத்து வீடுகளின் மேல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மருதானையிலிருந்து அது அதிக தூரமில்லை. “அந்தக் குப்பையில நாங்கள் போட்டதும் கிடக்கும்தானே” என்று மாஸ்டர் லிஃப்டுக்குள் சொன்னார். அதற்கு எங்களில் ஒருவரிடமும் பதில் இருக்கவில்லை. பிறகு அவர் செய்தவற்றில் பாதியை நாங்கள் பொறுத்துக்கொண்டது அதனால்தான். மற்றப் பாதியைப் பொறுப்பது கஷ்டமாகவே இருந்தது.

அதே வருடம் செப்டெம்பரில் பொலித்தீன் லஞ்ச் ஷீட்டுக்கும் ரெஜிபோம் பெட்டிக்கும் தடை வந்தது. மாஸ்டர் தன்னைத்தானே அதிகாரியாக நியமித்துக்கொண்டு சாப்பாட்டுக் கடைகளுக்குப் புறப்பட்டார். ஒரு நானாவின் கடையில் சோற்றுப் பார்சலைக் கையில் ஏந்தி, சுற்றியிருந்த ஷீட்டைத் தடவிக்கொண்டே கேட்டார்:

“நானா, இது உக்குமா?”

நானாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “என்ன சேர் இப்பிடிக் கேக்கிறீங்க? காலையில ஆக்கின சோறு. ராவு வரைக்கும் ஒண்ணும் ஆகாது.”

2023 அக்டோபர் 1 வந்த தடை இன்னும் நீளமானது. ஸ்ட்ரோ, கரண்டி, முள்ளுக்கரண்டி, கோப்பை, பிளாஸ்டிக் பூமாலை என்று போன பட்டியலில் இடியப்பத் தட்டும் இருந்தது. பத்திரிகையில் வந்ததை வெட்டி லிஃப்டின் பக்கத்தில் ஒட்டிவிட்டு மாஸ்டர் வீட்டுக்குள் போனார். குசினியில் பச்சையும் ரோஸுமாக டீச்சரின் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டுகள், அடுக்கோடு ஆவியில். அன்றைய வாக்குவாதம் இரண்டு மாடிக்குக் கேட்டது. கடைசியில் டீச்சர் இறங்கி வந்து, ஒட்டியிருந்த துண்டை மூக்குக்கண்ணாடி போட்டு முழுக்க வாசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். “இதில விக்கக்கூடாது எண்டுதான் கிடக்கு. அவிக்கக்கூடாது எண்டு ஓரிடமும் இல்லை.”

மாஸ்டரின் சிக்கனம் செலவு கூடியது. கொழும்பு 7இல் ஒரு கடையில் சிரட்டை அகப்பைகள் ஒரு தொகுதி வாங்கினார். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி போட்ட பெட்டியில், ரிப்பன் கட்டி. அவருடைய அம்மா ஊரில் கத்தியும் ஒரு பின்னேரமும் வைத்துக்கொண்டு அதையே செய்வா. விலையைக் கேட்டிருந்தால் அகப்பையைத் திருப்பிப் பிடித்திருப்பா. மூங்கில் பற்தூரிகை சீனாவிலிருந்து விமானத்தில் வந்தது. குப்பை பிரிப்பதற்கு ஐந்து கூடைகள் வாங்கினார். பச்சை சாப்பாட்டுக் கழிவுக்கு, நீலம் கடதாசிக்கு, செம்மஞ்சள் பிளாஸ்டிக்குக்கு, சிவப்பு கண்ணாடிக்கு, கபிலம் தகரத்துக்கு. ஐந்தும் பிளாஸ்டிக். நிறம் பிசகாமல் நாங்களும் போட்டுப் பழகினோம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். சனி ஞாயிறுகளில் மட்டும் சிறுவர்கள் நீலத்தை விக்கெற்றாக எடுத்துப் போவார்கள்.

சிவப்பும் நீலமும் நிறைந்தால் பழைய போத்தல், பத்திரம் வாங்குகிறவர் தள்ளுவண்டியோடு வருவார். மாஸ்டர் கீழே இறங்கிப் போத்தல் எங்கே போகிறது, யார் உருக்குகிறார்கள், மறுபடி போத்தலாக எப்போது வரும் என்று வகுப்பெடுப்பார். அந்த மனிதர் இந்தத் தொழிலை மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததற்கு முன்பிருந்தே செய்கிறவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொல்வார்: “சரி சேர், தராசில இருந்து கைய எடுங்க.”

பல்கனித் தோட்டத்தின் கதையில் மாநகர சபையே வந்து போயிற்று. சிரட்டைகளில் கொச்சிக்காய்க் கன்று, வெட்டிய போத்தலில் வல்லாரை, மூலையில் மழைநீர்ப் பீப்பாய், அதன் பக்கத்தில் மண்புழு உரப் பெட்டி. பெட்டியின் வாசம் கீழ்மாடி அக்காவின் பூசையறைவரை இறங்கியது. “மாஸ்டர், உங்கட புழுக்களுக்கு ஆரும் செத்துப்போச்சினமோ?” என்று அக்கா தயவாகத்தான் கேட்டா. புழுவைப் பொறுத்த தொடர்மாடி நுளம்பைப் பொறுக்கவில்லை. 2017 இலங்கையின் மிக மோசமான டெங்கு வருடம். நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் படுத்தார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சிரட்டை சிரட்டையாக டோர்ச் அடித்துப் பார்த்தார். ஒரு சிரட்டையில் குடம்பிகள் நெளிந்தன. “ஐயா, இது என்ன?” என்றார். மாஸ்டர் குனிந்து பார்த்துவிட்டு, “உயிரினப் பல்வகைமை” என்றார். தண்டம் எவ்வளவு என்று எங்களுக்கு அவர் சொல்லவில்லை.

2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, நாட்டு விவசாயம் முழுவதையும் ஒரே வீச்சில் இயற்கைப் பசளைக்கு மாற்றப் புறப்பட்டபோது மாஸ்டர் லிஃப்டில் ஏறியவர்களுக்கெல்லாம் எள்ளுருண்டை கொடுத்தார். விளைச்சல் விழுந்து, நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டபோது லிஃப்டில் ஏறாமல் படியால் இறங்கத் தொடங்கினார். மின்சாரச் சிக்கனமாம்.

அவருடைய உண்மையான சோதனை 2022. கொழும்பு முழுவதும் விரும்பாமலே சுற்றாடல் நேசர்களான வருடம் அது. பெற்றோல் இல்லை, ஆகவே கார் இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு, ஆகவே ஏசி இல்லை, லிஃப்ட் இல்லை. காஸ் சிலிண்டருக்கு விடிய முன்னம் வரிசை. மருதானையிலிருந்து கோட்டைக்கு மனிதர்கள் கும்பல் கும்பலாக நடந்துபோனார்கள். மாஸ்டர் இத்தனை வருடம் கேட்டது அவ்வளவும் ஒரேயடியாகக் கிடைத்துவிட்டது. அவரும் சும்மா இருக்காமல் இருட்டில் படியேறிக்கொண்டிருந்தவர்களிடம், “பாத்தீங்களோ, காத்து எவ்வளவு சுத்தம்!” என்றார். ஐந்தாம் மாடிக்காரர் இரண்டு வாளி தண்ணீரோடு ஏறிக்கொண்டிருந்தார். அவர் வாளிகளை மெதுவாகக் கீழே வைத்தார். நல்லவேளையாக டீச்சர் கதவைத் திறந்து மாஸ்டரை உள்ளே இழுத்துக்கொண்டா.

வீட்டில் ஒரு சைக்கிள் இருந்தது. மீதொட்டமுல்லைக்குப் பிறகு வாங்கியது. வாங்கிய வாரமே காலி வீதியைக் கண்டு பயந்து பல்கனிக் கம்பியில் கட்டியது. காலப்போக்கில் பாகற்கொடி அதில் ஏறி, ஹாண்டிலைச் சுற்றி, சீற்றைத் தாண்டி, நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்தது. சைக்கிள் விலை தலைக்குமேல் போன அந்த நாட்களில் மாஸ்டர் கத்தியோடு பல்கனிக்குப் போனார். “பிஞ்சு விட்டிருக்கு, இப்ப வெட்டாதேங்கோ” என்று டீச்சர் மறித்துவிட்டா. பெற்றோலும் இல்லாத, மரக்கறியும் விலையான காலம். டீச்சரின் பக்கம் நியாயம் இருந்தது. பாகற்காய் முற்றும்வரை மாஸ்டர் நடந்தார்.

பிறகு ஒருநாள் சைக்கிளில் வெள்ளவத்தைத் தங்கச்சி வீட்டுக்குப் புறப்பட்டார். போய்ச் சேர்ந்தார் என்பதைத் தங்கச்சி போன் எடுத்துச் சொன்னா. தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறாவாம். சைக்கிள் ‘சேர்விஸுக்கு’ அங்கேயே நின்றது. மாஸ்டர் கரையோர ரயிலில் திரும்பினார். அன்றைய ரயில்களில் மிதிபலகைக்கு வெளியிலும் ஆட்கள் தொங்கினார்கள். மருதானையில் இறங்க அவர் எடுத்த முயற்சி தெமட்டகொடையில்தான் பலித்தது. ஜூலையில் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். கோட் வந்தது, பிறகு பெற்றோல் வந்தது, சைக்கிளும் திரும்பி வந்து கம்பியில் ஏறியது. இப்போது அதில் புடோல்.

பொதுப் போக்குவரத்தைப் பற்றி அவர் பேசுவதில் மட்டும் பிழை சொல்ல முடியாது. சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் பிடித்து, “இந்த றோட்டில மின்சார ட்ராம் ஓடினது தெரியுமோ?” என்று தொடங்குவார். 1899இலேயே கொழும்பில் மின்சார ட்ராம் ஓடியது. ஒரு பாதை பொரளைவரை. 1960இல் அதை நிறுத்தினார்கள். வெளிநாடுகள் இன்றைக்குக் கோடிகள் கொட்டிப் போடுவதை நாங்கள் கழற்றி எறிந்துவிட்டோம் என்று அவர் கையை ஓங்கி முடிப்பதற்குள், கேட்டுக்கொண்டிருந்தவருடைய 155 வந்து, நின்று, வெள்ளவத்தைக்குப் போய்விடும்.

வருடத்துக்கொருமுறை மகளிடம் கனடாவுக்குப் பறக்கிறாரே, அந்தப் புகை? கேட்டுப் பார்த்தோம். “அது பிள்ளைப் பாசம், கணக்கில வராது.” போகும்போது பேத்திக்குத் துணிப்பை கொண்டுபோவார்.

அண்மையில் வாங்கியதுதான் மின்சாரக் கார். ஜப்பானில் ஓடி, இங்கே இரண்டு பேரிடம் ஓடி, களைத்து, மாஸ்டரிடம் வந்தது. நீர்கொழும்புவரை போகும், திரும்பி வர யோசிக்கும். ஏசி போட்டால் ஜா-எலவிலேயே யோசிக்கத் தொடங்கும். மூன்றாம் மாடிப் பல்கனியிலிருந்து புடோல் பந்தலுக்குள்ளால் ஒரு வயர் கீழே இறங்கி இரவெல்லாம் அதற்குப் பால் கொடுக்கிறது. உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒன்று கேட்டது: “மாஸ்டர், இந்தக் கரண்டில ஒரு பங்கு நுரைச்சோலை நிலக்கரிதானே?” மாஸ்டர் தட்டிக்கொடுத்தார். “நல்ல கேள்வி. அது அடுத்த பாடம்.”

பற்றரியில் சில கலங்கள் செத்துவிட்டன என்று பஞ்சிகாவத்தைக்குப் போனார். நானும் கூடப் போனேன். பஞ்சிகாவத்தையில் செத்த வாகனம் என்று ஒன்று கிடையாது. கதவு ஒரு கடையில், கண்ணாடி இன்னொரு கடையில், சில்லு சந்துக்குள் என்று ஒவ்வொரு காரும் மறுபிறவிக்குக் காத்திருக்கும். மாஸ்டர் பரவசமானார். உலகமே இனிமேல்தான் இதைப் படிக்கப்போகிறது, ஒன்றும் வீணாகாத இந்தப் பொருளாதாரத்துக்கு நீங்கள்தான் முன்னோடிகள் என்று கடைக்கார நானாவுக்கு விளக்கினார். நானா கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல், முழுவதையும் கேட்டார்.

“எல்லாம் சரி சேர். வெல கொறைக்க ஏலா.”

வாங்கினார்கள், மாற்றினார்கள். இப்போது கார் நீர்கொழும்பு போய் வருகிறதாம். அந்த உற்சாகத்தில் மாஸ்டர் யாழ்ப்பாணம் போகத் திட்டம் போட்டிருக்கிறார். நானூறு கிலோமீற்றர். நேற்றுப் பின்னேரம் கொப்பியோடு என் வீட்டுக்கு வந்தார். நீர்கொழும்பில் சம்பந்தி வீடு, சிலாபத்தில் பழைய மாணவன், புத்தளத்தில் அந்த மாணவனின் மச்சான், வவுனியாவில் பெறாமகள், கிளிநொச்சியில் ஒரு கூட்டாளி. ஒவ்வோர் இடத்திலும் காருக்குச் சார்ஜ், தனக்குச் சாப்பாடு. மூன்று நாட்பயணம்.

“மாஸ்டர், ஸ்டேஷன் காலடியில கிடக்கு. ஒரு பகலில யாழ்தேவி கொண்டுபோய் விட்டிடும். சுற்றாடலுக்கும் அதுதானே நல்லது?”

“கோச்சியில போனா கார் சும்மா நிக்கும். சும்மா நிண்டா பற்றரிக்குக் கூடாது” என்றவர் கொப்பியில் ஒரு வெறும் கோட்டைப் பேனையால் தட்டிக் காட்டினார். “இதில மட்டும்தான் இடிக்குது. அனுராதபுரத்தில உமக்குத் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருக்கினமே? பதினைஞ்சு அம்பியர் பிளக் உள்ள வீடாப் பாரும். டீச்சரும் வாறா, பத்தியச் சாப்பாடு எண்டு சொல்லி வையும்.”