சுறா அங்கிள்

சென்னையில் எந்த அடுக்ககத்தை எடுத்துக்கொண்டாலும் இப்படி ஒருவர் அகப்படுவார். சுமாரான உத்தியோகம், கொஞ்சம் ரத்த அழுத்தம், வீட்டில் எடுபடாத குரல். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொளத்தூரில் வண்ணமீன் கடைகளை வேடிக்கை பார்க்கப் போனவர், ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் பையில் விரல் நீளக் குட்டிகள் இரண்டோடு திரும்புவார். சாயங்காலத்துக்குள் லிஃப்டில் தொடங்கி வாட்ஸ்அப் குழு வரை சேதி பரவிவிடும்: இரண்டாவது மாடியில் சுறா வளர்க்கிறார்கள்! அன்று முதல் பிள்ளைகளுக்கு அவர் சுறா அங்கிள்.

உண்மையில் அது சுறாவே இல்லை. மீகாங் ஆற்றுக் கெளுத்தி. நிமிர்ந்த முதுகுத் துடுப்பையும் சாம்பல் பளபளப்பையும் பார்த்து மீன் வியாபாரிகள் வைத்த பெயர்தான் சுறா. வாயோரம் மீசை தெரிகிறதே என்று கேட்டால், "ஆண் சுறா" என்பார் அங்கிள்.

தொட்டியின் மேல் "கையை உள்ளே விடாதீர்கள்" என்று சிவப்பு மையில் ஓர் அட்டை தொங்கும். அந்த எச்சரிக்கை மீனின் பாதுகாப்புக்குத்தான் தேவை. ட்யூப் லைட்டைச் சட்டென்று போட்டாலே மிரண்டு கண்ணாடியில் முட்டிக்கொள்ளும். இன்னும் பயந்தால் தரையில் சாய்ந்து செத்ததுபோல் கிடக்கும். "வேட்டைக்குப் பதுங்குது" என்று அங்கிள் விளக்கம் சொல்வார்.

சாப்பாட்டு நேரம்தான் உச்சக்காட்சி. நிஜமான மூங்கில் சுறாக் குட்டிக்கு வெளிநாட்டுக்காரர் ஒருவர் இடுக்கியால் கணவாய்த் துண்டு ஊட்டும் வீடியோவை அவர் மனப்பாடமாகப் பார்த்திருப்பார். ஆகவே காசிமேட்டு இறால் வரும். தோல் உரித்து, குடல் நரம்பு எடுத்து, பொடியாக அரிந்து, சமையலறை இடுக்கியில் பிடித்துத் தண்ணீருக்குள் நீட்டுவார். குட்டிகள் ஃபில்டருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

"ஏங்க, இறால் கிலோ என்ன விலை தெரியுமா?" என்பார் மனைவி. அன்று வீட்டாருக்கு இறால் தலைக் குழம்பு. விளக்கை அணைத்துவிட்டு அவர் அலுப்போடு பெல்லட்டைத் தூவினால், குட்டிகள் இருட்டில் வந்து தின்றுவிட்டுப் போகும்.

"ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவுதான் போடணும் சார்" என்று கடைப் பையன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். வாய்திறந்த பிராணியைப் பட்டினி போட எந்த வீட்டுக்கு மனசு வரும்? மீன் மூச்சு விட வாயைத் திறந்து மூடும். பாட்டி அதைப் பார்த்து, "பாவம், பசிக்குது" என்று இட்லியைப் பிய்த்துப் போடுவார். பேத்தி பிஸ்கட் போடுவாள். ஆபீஸிலிருந்து வந்த அங்கிள், யாருமே போட்டிருக்க மாட்டார்கள் என்ற நிச்சயத்தில் இரண்டு பிடி போடுவார். தின்னாதது அடியில் அழுகி அம்மோனியா ஏறும்; மூன்றாம் நாள் தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி ஆகிவிடும். அங்கிள் பழியை மெட்ரோ வாட்டர் குளோரின்மேல் போட்டுவிட்டு, கேன் தண்ணீரைத் தொட்டியில் கவிழ்ப்பார். வீட்டார் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பார்கள்.

பாட்டிக்கு மட்டும் ஒரு குறை உண்டு. "டேய், பிள்ளை பெத்தவளுக்குப் பால் சுரக்கப் பால்சுறாப் புட்டு செஞ்சு கொடுப்போம். நீ சுறாவுக்கே ஊட்டிக்கிட்டு இருக்க!"

இவ்வளவு உபசாரத்துக்குப் பிறகு குட்டிகள் குட்டிகளாகவா இருக்கும்? ஆற்றில் ஒரு மீட்டருக்கு மேல் நீளுகிற ஜாதி. வியட்நாமிலும் ஆந்திராவிலும் இதைப் பண்ணைக் குளங்களில் டன் கணக்கில் வளர்க்கிறார்கள். முள்ளெடுத்த அதன் சதைதான் நம் ஓட்டல்களில் பாசா. அங்கிளின் இரண்டடித் தொட்டியிலோ வருஷம் திரும்புவதற்குள் மீன் திரும்ப இடமிருக்காது. கடைக்காரர் திருப்பி வாங்க மாட்டார். "சோபாவை எடுத்துட்டா ஆறடித் தொட்டி வைக்கலாம்" என்று அங்கிள் தொடங்குவார். மனைவி பார்க்கிற பார்வையில் பேச்சு பாதியில் நிற்கும்.

சமாதானத்துக்காகக் குடும்பத்தை ஓட்டலுக்கு அழைத்துப் போவார். மெனு கார்டை நீட்டிய சர்வரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவார்: "சுறா மட்டும் வேண்டாம்ப்பா. வீட்டுல வளர்க்கிறோம், மனசு கேக்காது."

"அப்ப பாசா ஃபிஷ் ஃபிங்கர் எடுத்துக்கங்க சார். முள்ளே இருக்காது."

இரண்டு பிளேட் காலியாகும். கை துடைத்துக்கொண்டே அங்கிள் சர்வரைக் கூப்பிடுவார்: "தம்பி, இந்த மீனைத் தொட்டியில வளர்க்கலாமா?"